புறமுதுகு காட்டிய ஊர்

ஒருவர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவரா என்று கண்டுபிடிக்க அடையாள அட்டையெல்லாம் வேண்டாம். பின்னால் போய் நின்று, மெதுவாக, "தப்பா நெனச்சிக்காதீங்க" என்று சொன்னால் போதும். எங்கள் ஊர்க்காரராக இருந்தால் வலது கை தானாக இடுப்புக்குப் போய்விடும். எவ்வளவு பெரிய உத்தியோகத்தில் இருந்தாலும் போகும். துபாயில் இருந்தாலும் போகும். வரலாறு படித்து, நாலு பேருக்கு நடுகல்லைப் பற்றி வகுப்பெடுக்கும் எனக்கும் போகும்.

அத்தனை கைகளையும் அங்கே அனுப்பிவைத்தவரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஊரிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னவர்களுக்கு அவர் ஊசித் தாத்தா, எங்கள் வயதுக்காரர்களுக்கு அங்கிள், மற்றவர்களுக்குக் கம்பவுண்டர். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டாக்டரின் கிளினிக். டாக்டர் முன்னறையில் சீட்டு எழுதுவார், பச்சைத் திரைக்குப் பின்னால் இவர் ஊசி போடுவார். நாற்பது வருஷம் அந்தத் திரைக்குப் பின்னாலேயே இருந்தார். ஆறடி உயரம், முறம் மாதிரி கைகள். குரல் மட்டும் பக்கத்தில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது. ஆறு மாதக் குழந்தையிடமும் 'ங்க' போட்டுத்தான் பேசுவார்.

எனக்கு அவர் முதலில் ஊசி போட்டபோது ஆறு வயது. அம்மா என்னைத் திரைக்குப் பின்னால் தள்ளிவிட்டு வெளியே நின்றுகொண்டார்.

"பாப்பா இன்னா படிக்கிறீங்க?"

"ஒண்ணாங்கிளாஸ்."

"தப்பா நெனச்சிக்காதீங்க பாப்பா. லூசா வுடுங்க."

தப்பாக நினைக்கலாமா வேண்டாமா என்று நான் யோசித்து முடிப்பதற்குள் ஊசி இறங்கி ஏறிவிட்டது. "அவ்ளோதான். போட்டதே தெரியாது," என்றார். தெரிந்தது. மூன்று நாள் ஒரு பக்கமாகவே உட்கார்ந்தேன்.

ஊர் முழுக்க இப்படித்தான். அந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்தால் அடுத்த நொடி வலிக்கும் என்பது உடம்புக்குப் பாடமாகிவிட்டது. ஆனால் அவரோ அதைக் கிளினிக்கோடு நிறுத்திக்கொண்டவர் இல்லை. காய் வாங்கப் போனால், "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா, கத்திரிக்கா கிலோ இன்னா வெல?" காய்க்காரம்மா தராசை விட்டுவிட்டு, முந்தானையை இழுத்து இடுப்பை மூடிக்கொண்டு விலை சொல்வார். ரேஷன் கடையில் வரிசையின் வாலில் நின்று, "தப்பா நெனச்சிக்காதீங்க, இதான் கடைசிங்களா?" என்பார். முன்னால் நிற்பவர் திடுக்கிட்டு விலகுவார். அவரைப் பார்த்து அவருக்கும் முன்னால் நிற்பவர் விலகுவார். கடைசியில் இவர்தான் முதல் ஆளாக நிற்பார்.

"நம்மூரு ஜனங்க மாதிரி மரியாத தெரிஞ்சவங்கள எங்கியும் பாக்க முடியாதுங்க," என்று ஒரு தடவை என் அப்பாவிடம் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார். அப்பா சுவரில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு தலையாட்டினார்.

என் சித்தப்பா கல்யாணத்தில் அவர் பண்ணியதை எங்கள் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்போம். பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், "தப்பா நெனச்சிக்காதீங்க, அந்தத் தண்ணி சொம்ப இப்டி தள்ளுங்க," என்றிருக்கிறார். அந்த மனிதர் எகிறியதில் பாயசவாளி கவிழ்ந்தது. பதறிப்போன இவர் எழுந்து நின்று, பந்தி முழுவதற்கும் கேட்கும்படி, "எல்லாரும் தப்பா நெனச்சிக்காதீங்க," என்று கையெடுத்துக் கும்பிட்டார். மாப்பிள்ளை வீட்டார் மொத்தப் பேரும் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். பெண் வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். சமாதானம் செய்யவும் இவரேதான் போனார். என்ன சொல்லி ஆரம்பித்திருப்பார் என்று சொல்லத் தேவையில்லை.

பெரியவர்களாவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்று பதில் சொல்வார்கள். குழந்தைகள் நிற்பதில்லை. அவர் தெருமுனையில் தலை காட்டினால் கோலிக்குண்டுகள் மட்டும்தான் தெருவில் இருக்கும். அது அவருக்குத் தெரியும். உறுத்தவும் செய்தது. காரணம் மீசை என்று நினைத்து மீசையை எடுத்தார். பிறகு ஸ்பிரிட் வாசனை என்று நினைத்து சந்தன சோப்புக்கு மாறினார். மீசையில்லாமல் சந்தனம் மணக்க வந்தவரைப் பார்த்தும் குழந்தைகள் ஓடினார்கள். அவர்களுக்குக் கொடுக்கச் சட்டைப் பையில் ஆரஞ்சு மிட்டாய் வைத்திருப்பார். வாங்க ஆளில்லாமல் அவரே தின்று தீர்த்ததில் இரண்டு கடைவாய்ப் பற்கள் போயின. அந்த வார்த்தைதான் காரணம் என்று ஒருத்தரும் அவரிடம் சொல்லவில்லை. ஊரே சேர்ந்து மறைத்தோம். நானும்தான்.

அவரிடம் அதைச் சொல்லும்படி ஆனது எங்கள் மியூசியத்தால். தினமும் மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூரில் வேலை பார்த்துத் திரும்பியது அலுத்துப்போய், ஊரிலேயே ஒரு பழைய பங்களாவில் திறந்திருந்த சின்ன மியூசியத்தில் நான் சேர்ந்திருந்தேன். எங்கள் மேலாளர் ஒருநாள் திடீரென்று, பழங்காலத்தை நடித்துக் காட்டி ஒரு திருவிழா நடத்துவோம், ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக வரட்டும் என்றார். கற்காலம், மிளகு வாங்க வந்த ரோமானியர், கோலாரை ஆண்ட கங்க மன்னர்கள், மாடு கவரும் சண்டை, நடுகல் எல்லாம் ஒரே மைதானத்தில். நான் காலவரிசை என்று வாயைத் திறந்தேன். நடுவில் இருக்கும் சில ஆயிரம் வருஷங்களைக் கயிறு கட்டிப் பிரித்துவிடலாம் என்றார். கட்டினோம்.

"ஃபேமிலி ப்ரோக்ராம்மா இது. ரத்தம் கூடாது, சாவு கூடாது," என்றும் சொன்னார்.

"மாட்டை மீட்கப் போய் செத்த வீரனுக்குத்தான் சார் நடுகல் நடுவாங்க. அவன் சாகாம எப்படி கல் நடறது?"

"களைச்சுப் போவட்டும்," என்றார்.

ஆகவே எங்கள் வீரன் களைத்துப்போவான், அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் கல் நடுவார்கள் என்று முடிவாயிற்று. நான் படித்த படிப்பை நினைத்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ரோமானிய வியாபாரிக்கு உடுப்பு ஆண்டர்சன்பேட்டை சர்ச்சிலிருந்து வந்தது. குட் ஃபிரைடே நாடகத்தில் ரோமானிய ஆளுநர் போடும் சிவப்பு அங்கி. அந்துருண்டை வாசனையோடு கொடுத்து, கறை படாமல் திருப்பித் தரவேண்டும் என்றார்கள். ஆறடி ஆளுக்குத்தான் அது பொருந்தும். அந்த ஆள் தானாகவே மியூசியத்துக்கு வந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க பாப்பா."

நான் நாற்காலியோடு சுழன்று சுவருக்கு முதுகைக் கொடுத்தேன்.

"அந்த ரோமாபுரி வியாபாரி கொழந்தைங்ககிட்ட மொளகு வாங்கிகினு தங்கக் காசு குடுப்பானாமே. சாக்லேட் காசு."

"ஆமா அங்கிள். ஜிகினா சுத்தினது."

"அந்த வேசத்த எனக்கு குடுங்க. நாப்பது வருசத்துல என்னப் பாத்து ஓடாத ஒரு கொழந்தய நான் பாத்ததில்ல. தாடி ஒட்டிகினா நான்னு தெரியாதில்ல? ஒரு நாள். ஒரே ஒரு நாள் எங்கிட்ட வரட்டும் பாப்பா."

இதற்கு மேல் மறைத்தால் பாவம் என்று எனக்குத் தோன்றியது. "தாடி மட்டும் போதாது அங்கிள்," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கற்கோடரி வைத்திருந்த பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். உட்காரக் கூடாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அது மரியாதைக்கி சொல்றதுதான பாப்பா?"

"மரியாதைக்குத்தான் அங்கிள்."

"ரேசன் கடையில வழி வுடுவாங்களே?"

"ம்."

"ஒங்க சித்தப்பா கல்யாணத்துல எல்லாரும் எழுந்து நின்னாங்களே?"

"ம்."

தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். "இனிமே அத்த சொல்ல மாட்டேன். தப்பா..." என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

விழாவுக்கு ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. அந்த வார்த்தை இல்லாமல் அவருக்குப் பேச்சை ஆரம்பிக்கவே தெரியவில்லை. டீக்கடைக்கு வருவார், வாயைத் திறப்பார், மூடுவார், திரும்பிப் போய்விடுவார். டீக்கடைக்காரர் பல்வலி என்று நினைத்துக் கிராம்பு கொடுத்தார். கம்பவுண்டர் மனைவி என்னைக் கடைத்தெருவில் பிடித்துக்கொண்டார். "இன்னாம்மா பண்ண எங்க ஊட்டுக்காரர? மூணு நாளா கொழம்பு கூட கேக்காம வெறும் சோத்த துன்னுகினு கீறாரு."

விழா நாள் வந்தது. கற்காலத்தில் ஒரு மணி நேரம் கல்லோடு கல்லை உரசியும் தீ வரவில்லை. கடைசியில் ஆதிமனிதர் ஒருவர் தன் தோலாடைக்குள்ளிருந்து தீப்பெட்டி எடுத்தார். மாடு கவரும் சண்டையில் மாடுகள் நகர மறுத்தன. கவர வந்தவர்களும் மீட்க வந்தவர்களும் சேர்ந்து தள்ளினார்கள். மாட்டுக்காரம்மா வந்து ஒரு அதட்டுப் போட்ட பிறகுதான் மாடுகள் கவரப்பட்டன. வீரன் சொன்னபடி களைத்துப்போனான். அதில் நடிப்பு எதுவும் இல்லை.

ரோமானியர் பக்கம்தான் கூட்டம். வாசலில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு மிளகுப் பொட்டலம் கொடுத்திருந்தோம். சிவப்பு அங்கியும் பழுப்புத் தாடியுமாக அவர் உட்கார்ந்திருந்தார். "நான் கடல் கடந்து வந்த வணிகன். மிளகு தாருங்கள், பொன் தருகிறேன்," என்று நான் எழுதிக்கொடுத்த வசனத்தை ஒவ்வொரு குழந்தையிடமும் பிசகாமல் சொன்னார். சுரங்கத்தில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒரு பெரியவர் மட்டும், "நாம தோண்டின தங்கத்த எடுத்துகினு போயி, இப்ப சாக்லேட்டா திருப்பிக் குடுக்கிறானுங்களா?" என்று சண்டை பிடித்தார். அவருக்கும் ஒரு காசு கொடுத்து அனுப்பினோம்.

மூன்று மணி நேரம். குழந்தைகள் தள்ளுமுள்ளு செய்துகொண்டு அவரிடம் வந்தார்கள். ஒன்று அங்கியைத் தடவிப் பார்த்தது. ஒன்று கப்பல் எத்தனை பெரிசு என்று கேட்டது. ஒரு பொடிசு அவர் விரலைப் பிடித்துக்கொண்டு, வேலை முடிந்தும் போகாமல் நின்றது. அந்த விரலை அசைத்தால் குழந்தை விட்டுவிடுமோ என்று, மற்ற எல்லாக் காரியத்தையும் அவர் இன்னொரு கையாலேயே செய்தார்.

அப்புறம்தான் சிறப்பு விருந்தினர் வந்தார். ஆண்டர்சன்பேட்டையில் பிறந்து பெங்களூரில் பெரிய அதிகாரியாக இருப்பவர். அவர் பேசுவதற்காக மைக்கைக் கொண்டுவந்து வியாபாரியின் மேஜையில் வைத்தார்கள். அதே நேரத்தில் சாக்லேட் காசு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. வரிசை இன்னும் நீளமாக இருந்தது. ஏற்கெனவே வாங்கியவர்களும் மறுபடி நுழைந்துகொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கு ஒன்றுதான் என்று சொல்லவேண்டும். அதற்கு நான் வசனம் எழுதிக்கொடுக்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் அதிகாரிக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தேன். அவர் கூட்டத்தைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"தப்பா நெனச்சிக்காதீங்க."

நாற்பது வருஷமாகப் பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத குரல், நாலு ஒலிபெருக்கியில் ஒரே நேரத்தில் வந்தது.

ஒரு கணம் மைதானமே அசையவில்லை. அப்புறம் ஓடினார்கள். ரோமானியர் காலத்திலிருந்த குழந்தைகள் கயிற்றைத் தாண்டிக் கற்காலத்துக்கு ஓடினார்கள். கங்கர் படை கேடயங்களால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டு பின்வாங்கியது. களைத்துப்போய்ப் படுத்திருந்த வீரன் எழுந்து எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடினான். சிறப்பு விருந்தினர் மாலையோடு ஒரு தூணில் முதுகை ஒட்டிக்கொண்டு, இரண்டு கையாலும் பெல்ட்டைப் பிடித்தபடி நின்றார். இத்தனையையும் நான் நடுகல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டுதான் பார்த்தேன். அங்கே எப்படிப் போனேன் என்று இன்றுவரை தெரியாது.

காலியான மைதானத்தில் அவர் தனியாக உட்கார்ந்திருந்தார். பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் போன அந்த விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது. மெதுவாகத் தாடியைப் பிய்த்து மேஜையில் வைத்தார். "சொல்லிட்டேன் பாப்பா," என்று என்னைத் தேடினார். நான் கல்லைவிட்டு வெளியே வரவில்லை. எனக்கு என்மேலேயே ஆத்திரமாக வந்தது.

முதலில் வந்தது ஐந்து வயதுப் பெண் ஒன்று. அவர் விரலைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே பொடிசு. அவருக்கு முதுகைக் காட்டியபடி, பின்னோக்கி ஒவ்வொரு அடியாக வைத்து வந்து மேஜையில் முட்டி நின்றது. கண்ணை இறுக மூடியிருந்தது. ஒரு கையைப் பின்னால் நீட்டியது.

"மெதுவா போடுங்க தாத்தா. போட்டுட்டு இன்னொரு சாக்லேட் குடுங்க."

"ஊசி இல்லீங்க கண்ணு."

"பொய். நீங்க ஊசித் தாத்தாதான?"

அவர் மேஜையில் கிடந்த தாடியைப் பார்த்தார். மறுக்க நினைத்திருப்பார். "ஆமாங்க," என்றார்.

"அப்ப போடுங்க."

போடாமல் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று அது அடம்பிடித்தது. அவர் மேஜையிலிருந்து ஒரே ஒரு மிளகை எடுத்து, அதன் தோளில் வைத்து லேசாக அழுத்தினார். கையில் ஒரு காசை வைத்தார். "அவ்ளோதாங்க."

அந்தக் குழந்தை கண்ணைத் திறந்தது. மைக் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது.

"போட்டதே தெரில."

அந்த வார்த்தைக்காக அவர் நாற்பது வருஷம் காத்திருந்திருக்கிறார். கண்ணைத் துடைக்க அங்கியைத் தூக்கியவர், கறை படக்கூடாது என்று ஞாபகம் வந்து, கீழே விட்டுவிட்டார்.

கற்காலத்திலிருந்து குழந்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. எல்லாம் பின்னோக்கித்தான். அப்புறம் அம்மாக்கள், அப்பாக்கள், கங்கர் படை. முகம் எல்லாம் வாசலைப் பார்க்க, முதுகு எல்லாம் அவரைப் பார்க்க, மைதானம் முழுக்க ஒரு வரிசை பின்னோக்கி நகர்ந்தது. சிறப்பு விருந்தினரும் அதில் இருந்தார். தனக்கு டைஃபாய்டு வந்தபோது பதினாலு ஊசி போட்டார் என்று முன்னால் இருந்தவரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். காசு தீர்ந்த பிறகும் மிளகு மட்டும் போதும் என்று நின்றார்கள். நானும் நின்றேன். என் முறை வந்தபோது திரும்பி அவர் முகத்தைப் பார்த்துத்தான் வாங்க நினைத்தேன். முடியவில்லை. தோளில் மிளகு பட்டபோது, "மன்னிச்சிக்குங்க அங்கிள்," என்று வாசலைப் பார்த்துச் சொன்னேன்.

வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு நிருபர் என்னைப் பிடித்துக்கொண்டார். ஏன் எல்லோரும் முதுகைக் காட்டி நிற்கிறார்கள், பழைய சடங்கா என்று கேட்டார். உண்மையைச் சொல்ல எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "கங்கர் காலத்து வழக்கம்," என்றேன். "கொடை வாங்கறவங்க கொடுக்கறவரை நேருக்கு நேர் பாக்க மாட்டாங்க." அது பேப்பரில் வந்தது. அங்கிருந்து எங்கள் ஆண்டறிக்கைக்குப் போயிற்று. அடுத்த வருஷ விழாவில் அந்தச் சடங்கு கட்டாயம் இடம்பெற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து கடிதமே வந்தது. வரலாற்றுக்கு நான் செய்த ஒரே பங்களிப்பு அதுதான்.

அடுத்த விழாவுக்கு அவர் இல்லை. கிளினிக் மூடிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் அவரையும் மனைவியையும் தன்னோடு அழைத்துக்கொண்டாள். இடைப்பட்ட மாதங்களில் குழந்தைகள் அவரைக் கண்டால் ஓடுவதை விட்டிருந்தன. பின்னோக்கி நடந்து வந்து ஆரஞ்சு மிட்டாய் வாங்கிப் போயின.

மாரிகுப்பம் ஸ்டேஷனில் வழியனுப்ப அத்தனை பேர் வந்திருந்தோம். காய்க்காரம்மா கத்தரிக்காய்ப் பையோடு வந்திருந்தார். அந்தப் பொடிசு முன் வரிசையில் நின்றது. இந்தத் தடவை நேருக்கு நேர் நின்று கையாட்டவேண்டும் என்று வரும்போதே பேசி வைத்திருந்தோம். வண்டி அசைந்தது. கதவோரம் நின்றவர் எங்கள் எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். அவருக்கும் ஏதோ சொல்லவேண்டியிருந்தது. அதை ஆரம்பிக்க அவருக்கு ஒரு வழிதான் தெரியும்.

"தப்பா நெனச்சிக்காதீங்க," என்றார்.

பிளாட்ஃபாரம் மொத்தமும் திரும்பி நின்றது. சிரித்துக்கொண்டே, இடுப்பைப் பிடித்துக்கொண்டே, நானும் திரும்பினேன். அதற்கு மேல் அவர் என்ன சொன்னார் என்று சக்கரச் சத்தத்தில் கேட்கவில்லை. நாங்கள் மறுபடி திரும்பிப் பார்த்தபோது கடைசிப் பெட்டியும் வளைவில் மறைந்துகொண்டிருந்தது.

போட்டதே தெரியாது என்பார். தெரிந்தது.